நிலையில் மாற்றமில்லை

அந்த ஆண்டு மொல்தாவிய மலையூரான மோலிதிஷில் பனி எப்போது இளகத் தொடங்கியது என்பதில் எனக்கு நிச்சயமில்லை. ஸ்மரந்தா மார்ச் என்பாள். அவள் தம்பி இலாரியே, இல்லை, பிப்ரவரிக் கடைசி, ரொட்டி வேனின் டயரில் சங்கிலி இன்னும் கழற்றவில்லை என்பான். இருவரும் அன்று ஒரே வேனில் போனவர்கள். அவர்கள் சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறேன். இடையில் என் மறதியும் கொஞ்சம் கலந்திருக்கலாம். யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று கேட்டால் எங்காவது தடுமாறுவேன். அன்றைய மெழுகுவத்தி மஞ்சள் நிறம் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

அவர்களுடைய அப்பா கவ்ரீல், மர அறுவை ஆலையில் உழைத்து ஓய்ந்தவர், எண்பதைத் தாண்டியவர், வீட்டு வாசற்படியில் வழுக்கி விழுந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே படியில்தான் அவர் மனைவி அக்லயாவும் விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை.

ஸ்மரந்தா யாஷி நகரத்தில் இருந்தாள். அவளுடைய வேலை என்ன என்பது மோலிதிஷில் யாருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. டாக்டரா என்றால் இல்லை. டீச்சரா என்றால் அதுவும் பாதிதான். ஆஸ்பத்திரிகள் அனுப்பும் நோயாளிகளின் பதிவுகளைப் பெயர் நீக்கிக் கணினியில் ஒன்றாகச் சேர்த்து, எந்த நோய் யாரை அதிகம் பிடிக்கிறது, எந்த வைத்தியத்தில் எவ்வளவு பேர் தேறுகிறார்கள் என்று பார்ப்பாள். "எங்கக்காவுக்குச் செத்தவங்களை எண்ணுற வேலை" என்பான் இலாரியே. "பொழைச்சவங்களையும்தான்டா" என்று அவள் ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

ரயிலடியில் அவன் ரொட்டி வேனோடு காத்திருந்தான். அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும் சூடான மாவின் மணம் முகத்தில் அடித்தது.

"எப்படியிருக்கார்?"

"திட்டுறார். திட்டுற வரைக்கும் கவலையில்ல. நர்ஸம்மாவுக்கு அடைக்கோழின்னு பேரு வச்சிருக்கார்."

"கால்?"

"இடுப்புக்கிட்ட எலும்பு ஒடஞ்சிருக்கு. அம்மாவுக்கு ஒடஞ்ச அதே எடம். அந்தப் படிக்கு நம்ம குடும்பத்து மேல என்ன காண்டோ தெரியல."

"வழுக்காம இருக்க சாம்பல் தூவலியா நீ?"

"தூவினேன் தாயே. வாசல் அசிங்கமா இருக்குன்னு அவரே பெருக்கித் தள்ளிட்டார். பெருக்கி முடிச்ச கையோட விழுந்தார்."

அவள் சிரித்தாள். சிரித்ததற்காக வருத்தப்பட்டாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை இருவரும் பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் அதற்கு யாரும் சங்கடப்படுவதில்லை; பேச்சு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எலும்பு வைத்தியர் நெகுரா பெரிய உடம்புக்காரர், சின்னக் குரல்காரர். அறைக்குள் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க மேடம். உங்களை மறுபடி நேர்ல பாக்கணும்னு எத்தனை நாளா நெனச்சிருக்கேன் தெரியுமா? இங்க பாருங்க."

மேஜைக்குப் பின்னால் சுவரில் அவளுடைய கட்டுரையின் ஒரு பக்கம் ஒட்டப்பட்டிருந்தது. அட்டவணையில் ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு. அந்த வரி மோலிதிஷ் ஆஸ்பத்திரியுடையது.

அந்தக் கட்டுரைக்காக அவள் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். மொல்தாவியப் பகுதியின் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் பத்து ஆண்டுகளாக இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்த வயதானவர்களின் பதிவுகள் அவை. சிலருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள். சிலரைப் படுக்கையில் போட்டுக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். எது மேல் என்பதுதான் கேள்வி. வயது, இதயம், சர்க்கரை, சிறுநீரகம் என்று வேறுபாடு உண்டாக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் சரிக்கட்டிப் பார்த்தும் விடை அவளே எதிர்பாராததாக வந்தது. ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இறந்தவர்கள் அதிகம். கத்தி தொடாத சின்ன மலை ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய யாருமே இறக்கவில்லை. காரணம் தேடியபோது கிடைத்தது: சின்ன வார்டு, குறைந்த கூட்டம், தொற்று பரவ வாய்ப்பில்லை. அப்படித்தான் எழுதினாள். எழுதும்போது பிறந்த மண்ணைப் பற்றி ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

"எண்பது தாண்டினவங்க மேல நான் கத்தி வைக்கிறதில்ல" என்றார் நெகுரா. "சுச்சாவா பெரியாஸ்பத்திரிக்காரங்க என்னைப் பழைய பஞ்சாங்கம்னு சிரிச்சிக்கிட்டிருந்தாங்க. உங்க பேப்பர் வந்துச்சு, வாயை மூடிட்டாங்க."

"அப்பாவுக்கும் எடைதானா?"

"கட்டியாச்சு. கையோட ரத்தம் உறையாம ஊசியும் போட்டாச்சு. ஆபரேஷன் வேணும்னா சுச்சாவாவுக்குத்தான் அனுப்பணும். ரெண்டு நாளுக்குள்ள பண்ணினாத்தான் பிரயோஜனம்னு சொல்றாங்க. நாளைக்குக் காலையில ஒரு ஆம்புலன்ஸ் போகுது, எடமும் இருக்கு. ஆனா எதுக்கு மேடம் அந்த வம்பு? நீங்களே எழுதியிருக்கீங்களே."

"ஆமா, எழுதியிருக்கேன்" என்றாள்.

தன் எழுத்தை இன்னொருவர் இப்படிக் கையில் கொடுக்கும்போது அது கனமாக இருந்தது. அட்டவணையின் எண்களைப் பார்த்துப் பழகியவள், அதில் அப்பா எங்கே வருவார் என்று பார்க்கிற நாள் வரும் என்று நினைத்திருக்கவில்லை.

வார்டில் நான்கு கட்டில்கள். அப்பா ஜன்னலோரம் கிடந்தார். போர்வைக்கு வெளியே நீண்ட காலிலிருந்து ஒரு கயிறு உருளை வழியாகப் போய் இரும்பு எடையில் முடிந்தது.

"பாத்தியா, கசாப்புக் கடையில தொங்கவிட்ட மாதிரி" என்றார் அவர். "யாஷியிலேருந்து வெறுங்கையோடவா வந்தே?"

"பேரிக்காய் கொண்டுவந்தேன்."

"நான் கேட்டது பேரிக்காய் இல்ல. போன வருஷத்து பிளம் சாராயம் அலமாரிக்குப் பின்னால இருக்கு. உன் தம்பிக்கு எடத்தைச் சொல்லாதே."

"எனக்குத் தெரியும்" என்றான் இலாரியே. "பாதி தீந்துபோச்சு."

அடுத்த கட்டிலில் ஒனுஃப்ரே கிடந்தார். அறுவை ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். கிணற்றடியில் விழுந்து மூன்று வாரமாகக் காலில் எடையோடு இருக்கிறார் என்றார்கள். இப்போது மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்டது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

அவர் மகள் டொம்னிகா கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்து நர்ஸிடம் மெதுவாகக் கேட்டாள்: "இன்னைக்கா?"

"இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடு. சாயங்காலம் ரோடு ஒறைஞ்சிடும்."

டொம்னிகா தலையாட்டிவிட்டு இலாரியேவிடம் திரும்பினாள். "அண்ணே, வேன் காலியா?"

"ரொட்டியெல்லாம் எறக்கியாச்சு. மெத்தை இருக்குல்ல?"

"இருக்கு."

நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம் என்ற இடத்தில் டொம்னிகா கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே வீட்டுக்குப் போகும்போது நோயாளியின் நிலை என்ன என்பதற்கு ஐந்து கட்டங்கள்: குணமானார், தேறினார், நிலையில் மாற்றமில்லை, மோசமானார், இறந்தார். நர்ஸ் நின்றவாக்கில் மூன்றாவது கட்டத்தில் கோடு கிழித்தாள். மோசமானார் என்று போட்டால் ஏன் அனுப்பினாய் என்று மேலே கேள்வி வரும். அது எல்லோருக்கும் தெரியும்.

"மெழுகுவத்தி எடுத்திருக்கியா?" என்று ஜன்னலோரத்திலிருந்து கவ்ரீல் கேட்டார்.

டொம்னிகா கோட்டுப் பையைத் தொட்டுக் காட்டினாள். மஞ்சள் மெழுகின் நுனி வெளியே தெரிந்தது. "எடுத்திருக்கேன் மாமா."

"நல்லது. இந்த டியூப்லைட்டு வெளிச்சத்துல மனுஷன் போகக் கூடாது."

கடைசி மூச்சின்போது கையில் எரிகிற மெழுகுவத்தி இல்லாமல் அங்கே யாரையும் போகவிடுவதில்லை. இல்லாவிட்டால் அந்தப் பக்கம் இருட்டில் தடவ வேண்டியிருக்கும் என்பார்கள். இதை நம்பாதவர்களும் வீட்டில் ஒரு மெழுகுவத்தி வாங்கி வைத்திருப்பார்கள். வார்டில் ஆக்ஸிஜன் உருளை நிற்கிறது. தீக்குச்சி கிழிக்க முடியாது. ஆகவே நேரம் நெருங்கினால் வீடு.

தூக்குவதற்கு ஆள் போதவில்லை. ஸ்மரந்தாவும் போர்வையின் ஒரு மூலையைப் பிடித்தாள். வேனுக்குள் ரொட்டித் தட்டுகளை ஓரத்துக்குத் தள்ளி மெத்தையைப் போட்டார்கள். மலைச் சாலையில் கிழவர் உருளாமல் பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் டொம்னிகாவும் மறுபக்கம் அவளும் உட்கார்ந்தார்கள்.

 வளைவு வரும்போதெல்லாம் தட்டுகள் கடகடத்தன. டொம்னிகா ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தாள். சற்று நேரத்தில் மறுபடி தொட்டாள். இன்னொரு முறையும்.

அந்தக் கை ஸ்மரந்தாவுக்குத் தெரிந்த கை. இதே வேனில், இதே மணத்தில், அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் இப்படித்தான் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மா நடுவழியில் கண்ணைத் திறந்து, "இன்னைக்கு ரொட்டி நல்லா வெந்திருக்கு" என்றாள். மறுநாள் விடியும் முன் போய்விட்டாள். மெழுகுவத்தியை அம்மாவின் விரல்களுக்குள் வைத்து, அந்த விரல்களைத் தன் கையால் பொத்திப் பிடித்தவள் ஸ்மரந்தாதான். உருகிய மெழுகு விழுந்த தழும்பு கட்டைவிரலில் வெகுநாள் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டவளும் அவளேதான்.

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.   நர்ஸ் கோடு கிழித்த அந்த ஐந்து கட்டங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. கணினி அட்டவணையில் அது ஒரு பத்தி. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். ஐந்து என்றால் இறந்தவர். ஒன்று முதல் நான்கு வரை உயிரோடிருப்பவர். அதை முடிவுசெய்ய அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்ற எதை எதையோ வாரக்கணக்கில் யோசித்தாள். இதை யோசிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஒனுஃப்ரேயை அவருடைய கட்டிலில் கிடத்தினார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் ஏற்கனவே அடுப்பு மூட்டியிருந்தார்கள். டொம்னிகா மெழுகுவத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஸ்மரந்தாவுக்கு ஒரு கோப்பை சூப் நீட்டினார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர குடிக்கவில்லை.

திரும்பும்போது முன்னிருக்கையில் தம்பியோடு உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"இலாரியே, இந்த மாதிரி எத்தனை பேரை ஏத்திட்டுப் போயிருக்கே?"

"நான் எண்ணல. எண்ணுறது உன் வேலை."

"வெளையாடாதே. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு. எத்தனை?"

"நெறைய. ஆம்புலன்ஸ் இதுக்கெல்லாம் வராதுல்ல? ரொட்டி எறக்கினதும் என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"அவங்கள்ல எத்தனை பேர் அப்புறம்..."

"என்னக்கா கேள்வி இது? போறதுக்குத்தானே போறாங்க." கொஞ்சம் யோசித்தான். "மாரின்காக் கிழவி மட்டும் ஏமாத்திட்டா. வீட்டு வாசல்ல எறக்கினதும் எந்திரிச்சு உக்காந்து மாமலீகாக் களி கிண்டச் சொன்னா. இன்னைக்கும் ஆட்டைத் தொரத்திக்கிட்டுத் திரியுறா. அவளுக்குன்னு வாங்கி வச்ச மெழுகுவத்தியைக் கரண்ட் போனப்போ பிள்ளைங்க படிக்க ஏத்திட்டாங்களாம்."

"வண்டிய நிறுத்து."

"வாந்தி வருதா?"

"நிறுத்துடா."

அவன் ஓரமாக நிறுத்தினான். இருபுறமும் ஊசியிலை மரங்கள். கிளைகளிலிருந்து பனி பொதபொதவென்று விழுந்துகொண்டிருந்தது.

"நான் ஆஸ்பத்திரிக் கட்டில்ல செத்தவங்களை மட்டும்தான் செத்தவங்கன்னு வச்சேன்" என்றாள். "வீட்டுக்குப் போனவங்க எல்லாரும் பொழைச்சவங்க. சுச்சாவாவுல சொந்தக்காரங்க தூரத்துல இருக்காங்க. வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஆள் அங்கேயே போயிடுறான். அவன் கணக்குல வந்துடுறான். இங்க யாரும் ஆஸ்பத்திரியில சாகுறதில்ல. அதனால இங்க யாருமே சாகல. அதைத்தான் நான் கண்டுபிடிச்சு எழுதினேன். சின்ன வார்டு, தொற்று இல்லைன்னு காரணம் வேற சொன்னேன்."

இலாரியே ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி துடைப்பான் போய்ப் போய் வந்தது.

"அம்மா எந்த வருஷம் விழுந்தா?" என்று கேட்டான்.

அவள் கண்ணாடியில் வழியும் பனிநீரைப் பார்த்தாள்.

"உன் பத்து வருஷத்துக்குள்ள வருதா?"

"வருது."

"அப்போ உன் கணக்குல அம்மா உயிரோட இருக்காளா?"

"நிலையில் மாற்றமில்லைன்னு இருக்கும்."

அவனுக்கு ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. "அப்போ எதுக்கு இங்க நிக்கிறோம்? வா, போய்ப் பாத்துட்டு வரலாம். ரொட்டி ஒண்ணு மிச்சம் இருக்கு, அவளுக்குப் பிடிக்கும்."

அவள் அந்த அடியை வாங்கிக்கொண்டாள். அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"சரி விடு. அப்பாவுக்கு என்ன பண்றது, அதைச் சொல்லு. அறுக்கிறதுதான் நல்லதா?"

"தெரியாது."

"தெரியாதா? அப்புறம் எதுக்கு அவ்வளவு படிச்சே?"

"நான் சொன்னது தப்புன்னு தெரியும். சரி எதுன்னு தெரியணும்னா இறப்புப் பதிவோட ஒவ்வொரு ஆளா ஒத்துப் பாக்கணும். மாசக்கணக்குல ஆகும்."

"ஆம்புலன்ஸ் நாளைக்குக் காலையில."

"ஆமா." அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "வீட்டுக்குப் போன பிறகும் ஒரு வருஷம் விசாரிச்சு எழுதினவங்க வேற நாடுகள்ல இருக்காங்க. அவங்க எல்லாரும் சீக்கிரம் ஆபரேஷன் பண்றதுதான் மேல்னு சொல்றாங்க. என் கணக்கு அதுக்கு எதிரா வந்ததும் நம்ம ஊரு வேறன்னு நெனச்சேன். அப்படி நெனைக்கிறது நல்லா இருந்துச்சு."

"நம்ம ஊரு வேறதான்" என்றான் இலாரியே, சாவியைத் திருப்பிக்கொண்டே. "செத்தவன்கூட இங்க மாற்றமில்லாம இருக்கான்."

டாக்டர் நெகுரா அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.  கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் அவங்களைக் கொன்னுட்டேன்னு சொல்றீங்களா?"

"இல்ல டாக்டர். நான் அவங்களை எண்ணாம விட்டுட்டேன்னு சொல்றேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ ஆம்புலன்ஸின் கூரையிலிருந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஒனுஃப்ரே எதுக்கு வீட்டுக்குப் போறார்னு எனக்குத் தெரியாதா மேடம்? ஒவ்வொருத்தரையும் தெரியும். பேரோட தெரியும். ஆனா அந்தத் தாளைப் பாத்ததும், தனித்தனியா பாக்கும்போதுதான் மோசமாத் தோணுது, மொத்தமா சேத்துப் பாத்தா நான் நல்லாத்தான் பண்ணியிருக்கேன் போலன்னு நெனச்சுட்டேன். யாஷியில படிச்சவங்க சொல்றாங்களே." கொஞ்சம் நிறுத்தினார். "தெரிஞ்சதையே மறந்துட்டேன்."

"நானும்தான்" என்றாள். அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்திலும் இதே அறையில் அவர்தான் இருந்தார்; அவரே நினைவுக்குக் கொண்டுவந்திருப்பார்.

அவர் சுச்சாவாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். "அப்பா ஒத்துக்கணும்" என்றார் தலை நிமிராமல். "எங்கிட்ட முடியவே முடியாதுன்னுட்டார்."

அவள் சுவரிலிருந்த தாளை எடுக்கப் போனாள். பசைநாடா பலமாக ஒட்டியிருந்தது. இழுத்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

அப்பா பேரிக்காயின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றியாகிவிட்டது.

"ஒனுஃப்ரே போயிட்டானா?"

"இன்னும் இல்லப்பா. வீட்டுல படுத்திருக்கார்."

"நல்லபடியா கொண்டுபோய்ச் சேத்தீங்களா?"

"சேத்தோம்." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, நாளைக்கு சுச்சாவாவுக்குப் போகலாம். ஆபரேஷன் பண்ணிக்கணும்."

"என்னை அறுக்கக் கூடாது. உங்கம்மாவை அறுக்கல."

"அம்மா செத்துப்போனா அப்பா."

"வீட்டுல போனா. என் கட்டில்ல. உன் கையில வெளிச்சம் இருந்துச்சு." அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "ஏதோ எழுதி வச்சிருக்கியாமே, அறுக்காதவங்கதான் பொழைக்கிறாங்கன்னு. அந்த டாக்டர் படிச்சுக் காட்டினார். நான் எல்லாருக்கும் சொல்லியாச்சு, எம்பொண்ணு எழுதினதுன்னு."

"அது தப்பா எழுதிட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. இலாரியே கட்டில் காலருகே நின்று எடை தொங்கும் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பாவா?"

"ஆமா."

"எவ்வளவு தப்பு?"

"அம்மா உயிரோட இருக்கிறதா எழுதற அளவுக்கு."

 எதிர்க்கட்டில்காரரின் வானொலியில் வானிலை சொன்னார்கள். மலையில் மூடுபனி, பள்ளத்தாக்கில் இளகல். அது முடியும்வரை கவ்ரீல் காத்திருந்தார்.

"அறுத்தா பொழைப்பேனா?"

"பொழைக்கிறவங்கதான் அதிகம். உங்களுக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியாதுப்பா. சும்மா படுத்திருந்தா ஒனுஃப்ரே மாமாவுக்கு வந்த மாதிரி நெஞ்சுல சளி கட்டிக்கும். அதை இன்னைக்குக் கண்ணால பாத்தேன்."

"உனக்கே நிச்சயமாத் தெரியாது."

"தெரியாது."

"ம்." அவர் பேரிக்காய்க் காம்பை அவள் கையில் வைத்தார். பிறகு கத்தியைப் பற்றியல்ல, வேறொன்றைக் கேட்டார். "அங்க ஆபரேஷன் மேஜை மேலயே போயிட்டேன்னா?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அவர் பயம் எங்கே இருக்கிறதென்று. பத்து வருஷப் பதிவுகளில் இருந்த எல்லோருடைய பயமும் அங்கேதான் இருந்திருக்கும். அதற்கு அவளுடைய அட்டவணையில் ஒரு பத்தி கிடையாது.

"நான் கதவுக்கு வெளிய நிப்பேன்" என்றாள். "மெழுகுவத்தி கையில இருக்கும்."

"ஏத்த விடமாட்டாங்க."

"வாசல் வரைக்கும் விடுவாங்க. ஏதாவது ஆச்சுன்னா கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துடுவேன். என்ன பண்ணிடுவாங்க?"

"தீப்பெட்டி?"

"அதுவும் வச்சிருப்பேன்."

"தீப்பெட்டியை இவன்கிட்ட குடு" என்றார் கவ்ரீல். "நீ சின்ன வயசுலேருந்து குச்சியை ஒடைப்பே."

மறுநாள் காலை ஆம்புலன்ஸுக்கு முன்னால் இலாரியே கோயில் கடையைத் திறக்கச் சொல்லி ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்தான். தேன்மெழுகு, மஞ்சள். ஸ்மரந்தா அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் உட்கார இடம் ஒருவருக்குத்தான். இலாரியே அன்றைய ரொட்டியை இறக்காமலேயே வேனில் பின்னால் வந்தான். அன்று மோலிதிஷில் மூன்று கடைகளில் மத்தியானம் வரை ரொட்டி இல்லை. ஆபரேஷன் அறையின் கதவருகே இருவரும் நின்றார்கள். நர்ஸ் ஒருத்தி பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஸ்மரந்தா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அதை ஏற்ற வேண்டி வரவில்லை.

ஒனுஃப்ரே அதே நாள் தன் வீட்டில் இறந்தார். டொம்னிகா வெளிச்சத்தைப் பிடித்திருந்தாள். கவ்ரீல் கோலூன்றி நடந்து, மேலும் நான்கு குளிர்காலம் இருந்து, மூச்சுத்திணறலில் தன் கட்டிலில் போனார். அப்போது மெழுகுவத்தியைப் பிடித்தவன் இலாரியே. ஸ்மரந்தா ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஏன் என்பதையும் எழுதினாள். இறப்புப் பதிவோடு ஒத்துப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முன்பு எழுதியதற்கு நேர்மாறாக வந்தது. வேலையில் அவளுக்கு வர வேண்டிய உயர்வு வேறொருவருக்குப் போனது. நெகுரா ஓய்வுபெறும்வரை, வீட்டுக்கு அனுப்பியவர்களின் குடும்பங்களுக்கு ஒரு மாதம் கழித்துத் தானே போன் செய்து விசாரித்தார்; வயதானவர்களை சுச்சாவாவுக்கு அனுப்பத் தொடங்கினார், எல்லோரும் போகச் சம்மதிக்கவில்லை. இலாரியே வாசற்படியை இடித்துவிட்டுச் சாய்தளம் போட்டான். இன்னும் ரொட்டி வேன்தான் ஓட்டுகிறான். மாரின்கா இருக்கிறாள். அக்லயா, புதிய அட்டவணையில், இறந்தவர்களோடு சேர்க்கப்பட்டாள்.